கும்பிடுவதற்கல்ல விஞ்ஞானம்

(திருச்செந்தூரில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு அணு விஞ்ஞானியின் வாழ்க்கை. "திருச்செந்தூருக்கு வந்தவன் கோவிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான் என்று பார்த்தால், அணு கினு என்று ஆரம்பிக்கிறானே" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் காலேஜில் படித்தவனல்ல. புத்தகத்தைப் புரட்டியும், தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன். ஆகையால் நான் சொல்வதை உடனே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் உங்கள் ஊர் சங்கதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இங்கே கடலோரத்தில் நாழிக்கிணறு இருக்கிறது. பக்கத்திலே உப்புக் கடல் இரைகிறது. கிணற்றிலே குடிக்கத் தக்க நீர் ஊறுகிறது. "இது எப்படி?" என்று ஒரு சிறுவன் கேட்டால் நாம் என்ன பதில் சொல்லுகிறோம்? "முருகன் வேலால் குத்தினார், ஊற்று வந்தது" என்கிறோம். அதோடு அந்தச் சிறுவனின் கேள்வி செத்துப்போகிறது. உண்மைச் சங்கதி என்ன? மணலில் பெய்த மழை உள்ளே இறங்குகிறது. நல்ல நீர் உப்பு நீரைவிட லேசானது. ஆகவே அது பூமிக்குள்ளே உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடற்கரை மணலில் கொஞ்சம் ஆழமாகத் தோண்டி ஊற்று நீர் எடுக்கிற மீனவத் தாய்மாரைக் கேளுங்கள், அவர்களுக்கு இது தெரியும். அவர்கள் கையில் எந்த வேல் இருக்கிறது? அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். உடன்குடிப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அதுவும் தெரியும். மோட்டார் வைத்து இறைத்து இறைத்து, கடல்நீர் உள்ளே புகுந்து, கிணறு கெட்ட கதை அங்கே இருக்கிறது. நீர் எவ்வளவு காலமாக நிலத்துக்குள்ளே இருக்கிறது என்று, அதில் கலந்துள்ள டிரிட்டியம் போன்ற அணுக்களை அளந்து சொல்லுகிற வித்தையும் இன்று வந்துவிட்டது. அந்த வேலையைப் பம்பாய் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் செய்கிறார்கள். அந்த நிலையத்துக்கே டைரக்டராயிருந்த ஒருவர் நம் திருநெல்வேலியில் பிறந்தவர். அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அவர் பெயர் பி. கே. அய்யங்கார். 1931ஆம் வருஷம் ஜூன் மாதம் 29ந் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். 1984 முதல் 1990 வரை பாபா நிலையத்தின் டைரக்டர். 1990 முதல் 1993 வரை இந்திய அணுசக்திக் கமிஷன் தலைவர். 2011 டிசம்பர் 21ந் தேதி, 80ஆம் வயதில் காலமானார். காலேஜில் உத்தியோகம் பார்த்த புரொபசர் அல்ல. ஆனாலும் அணு உலை என்கிற சாஸ்திரத்தை இந்நாட்டு வாலிபர்கள் பலருக்குக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுத்த ஆசான்களில் அவர் ஒருவர்.

"அய்யங்கார்" என்ற வாலைக் கேட்டவுடன் சில தோழர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சில பேர், "பார்த்தாயா, அந்த ஜாதிக்கே அறிவு பிறவியில் வருகிறது" என்று சொல்லக் காத்திருப்பதும் தெரிகிறது. இரண்டு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் பிறந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். 1931ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இல்லை. அதற்கு ஆறேழு வருஷத்துக்கு முந்தித்தான், இதே ஜில்லாவில், இதே தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில் பொது ஜனங்களின் பணத்தில் நடந்த குருகுலத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்கு ஒரு பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்று நடந்து, அதைப் பெரியாரும் டாக்டர் வரதராஜலு நாயுடுவும் எதிர்த்து நாடெல்லாம் பெரிய கிளர்ச்சி ஆயிற்று. தேசபக்தி சொல்லிக்கொடுக்க வைத்த பள்ளிக்கூடத்திலேயே அந்த கதி என்றால், சாதாரணக் கிராமத்திலே பனையேறியின் பிள்ளைக்கும், உப்பளத்துக் கூலியின் பிள்ளைக்கும், சேரியில் பிறந்த பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் என்னவாக இருந்திருக்கும்? ஓட்டப் பந்தயத்திலே ஒருவனை ஓடவிட்டு, மற்றவன் காலைக் கட்டிப் போட்டுவிட்டு, "பார், இவன் ஜாதிக்குக் கால் பலம் அதிகம்" என்று சொல்வது நியாயமா?

கட்டு அவிழ்ந்த பிறகு என்ன ஆயிற்று? நாகர்கோவில் பக்கத்தில் ஒரு விவசாயியின் மகன், சர்க்கார் பள்ளியில் தமிழிலே படித்தவர், தம் குடும்பத்தில் முதல் பட்டதாரி, கே. சிவன் என்பவர், 2018இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கே தலைவரானார். ஆகவே அறிவு பூணூலில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிவிட்ட பிறகு, படித்து உழைத்த ஒரு மனிதனை அவன் பிறப்பைக் காட்டி இகழவும் நமக்குப் பாத்தியதை இல்லை. பிறப்பினால் உயர்வு இல்லை என்பவனுக்குப் பிறப்பினால் தாழ்வும் இருக்க முடியாது.

நிற்க. அவர் ஜாதகத்தில் இந்த யோகம் எழுதியிருந்ததோ என்று சிலர் கேட்பார்கள். அவர் ஆயுள் முழுவதும் எந்தப் பொருளைக் கொண்டு ஆராய்ச்சி செய்தாரோ, அந்த நியூட்ரான் என்பது அவர் பிறந்த காலத்தில் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வருஷம், 1932இல், இங்கிலாந்தில் சாட்விக் என்பவர்தான் அதைக் கண்டுபிடித்தார். ஒன்பது கிரகத்தையும் கட்டத்தில் அடைத்த ஜோசியருக்கு இந்த நியூட்ரான் எந்த வீட்டில் இருக்கிறதென்று தெரியுமா? யுரேனிய அணு பிளக்கும் என்று 1938 கடைசியில் ஜெர்மனியில் தெரிந்தது. அது பிளப்புத்தான் என்று கணக்குப் போட்டு விளக்கியவர்களில் முக்கியமானவர் லீஸ் மைட்னர் என்ற பெண்மணி. யூதப் பிறப்பு என்பதற்காக ஹிட்லர் ராஜ்யத்திலிருந்து தப்பி ஓடியவர். பிறப்பைப் பார்த்து மனிதரைத் துரத்துகிற நாடு யாரை இழக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

அய்யங்கார் 1952இல், தமது 21ஆம் வயதில், பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். ஹோமி பாபா 1945இல் ஆரம்பித்த நிறுவனம் அது. பிறகு அணுசக்தி நிலையத்துக்கு மாறினார். 1956இல் கனடாவில் சாக் ரிவர் என்ற இடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பிராக்ஹவுஸ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து வேலை செய்தார்.

அந்த வேலை என்னவென்று விளங்கச் சொல்லுகிறேன். சந்தையில் மண்பானை வாங்குகிற தாய்மார் என்ன செய்கிறீர்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறீர்கள். சத்தத்தைக் கொண்டு உள்ளே கீறல் உண்டா, நன்றாக வெந்ததா என்று சொல்லிவிடுகிறீர்கள். பானையை உடைத்தா பார்க்கிறீர்கள்? இல்லை. அதுபோல ஒரு கட்டிப் பொருளுக்குள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக நின்று எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே நியூட்ரானை விட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள். நியூட்ரானுக்கு மின்சாரம் இல்லாததால் தடையின்றி உள்ளே போகும். போன வேகம் என்ன, வெளிவந்த வேகம் என்ன, எந்தப் பக்கம் திரும்பிற்று என்று அளந்தால், உள்ளே அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்று கணக்கிட்டுவிடலாம். ஜெர்மானியம் என்ற பொருளை இவ்விதம் தட்டிப் பார்த்து பிராக்ஹவுசும் அய்யங்காரும் 1958இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகத்தாரால் மதிக்கப்பட்டது. டிரான்சிஸ்டர் செய்ய அந்நாளில் பயன்பட்ட பொருள்தான் ஜெர்மானியம். இவ்வித ஆராய்ச்சிக்காகவே பிராக்ஹவுசுக்கு 1994இல் நோபல் பரிசு வந்தது.

நம் சாஸ்திரிகள், "அணுவுக்குள் அணுவாய் இருக்கிறான்" என்று ஆயிரக்கணக்கான வருஷமாகச் சொல்லிவந்தார்கள். சொன்னவர்களில் ஒருவராவது அந்த அணுவைத் தட்டிப் பார்த்ததுண்டா? "எல்லாம் எங்கள் வேதத்தில் முன்னமே இருக்கிறது" என்று இப்போதும் சொல்லுகிறார்கள். வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கிற வரையில் அது வேதத்தில் யார் கண்ணுக்கும் படாமல் ஏன் ஒளிந்திருந்தது என்பதற்கு மட்டும் பதில் வருவதில்லை.

அய்யங்கார் திரும்பிவந்து, 1956இல் ஓடத் தொடங்கிய அப்சரா, 1960இல் கனடா உதவியால் வந்த சைரஸ் ஆகிய டிராம்பே உலைகளை வைத்துக்கொண்டு, வேண்டிய கருவிகளை இங்கேயே செய்து, ஒரு கூட்டத்தையே தயார் செய்தார். 1957 முதல் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளி நடந்து வாலிபர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தார் 1960களில் பிலிப்பைன்ஸ் நாட்டில் நியூட்ரான் கருவியை நாட்டி, அங்குள்ளவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். ஒரு ஏழை நாடு இன்னொரு ஏழை நாட்டுக்கு ஆசிரியராக முடியும் என்பது இதிலே தெரிகிறது.

பிறகு 1969இல் ரஷ்யாவில் துப்னா என்ற இடத்தில் புதுவித உலை ஒன்றைப் பார்த்துவந்து, தாமே தலைமை வகித்து ஒரு சிறு உலையைத் திட்டமிட்டார். அது 1972 மே மாதத்தில் இயங்கியது. அதன் பெயர் பூர்ணிமா. பௌர்ணமி பூஜை போட்டு வைத்த பெயரென்று எண்ணிவிடாதீர்கள். புளூட்டோனிய உலை என்று தொடங்குகிற ஒரு நீளமான இங்கிலீஷ் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்தது. விளக்கெரிக்கிற உலையும் அல்ல. புளூட்டோனியத்தில் நியூட்ரான் எப்படிப் பெருகுகிறது என்று கணக்கைச் சரிபார்க்கிற உலை. அந்தக் கணக்கு எதற்கு ஆயிற்று? 1974 மே 18ந் தேதி ராஜஸ்தானத்தில் பொக்ரானில் பூமிக்கடியில் வெடித்ததற்கு ஆயிற்று. அதில் அய்யங்காருக்கு முக்கிய பங்குண்டு. 1975இல் பத்மபூஷண் கொடுத்தார்கள்.

தோழர்களே! குண்டு செய்ததை நான் பெருமை பேச வரவில்லை. வயிறு நிறையாத நாட்டில் குண்டு முதலிலா, கஞ்சி முதலிலா என்று கேட்கிற கட்சி நான். சமாதான காரியத்துக்கென்று கொடுத்த உலையிலிருந்து எடுத்த புளூட்டோனியம் என்று கனடா கோபித்துக்கொண்டு உதவியை நிறுத்திவிட்டது. அதன் பிறகு பெரிய உலை வேண்டுமானால் நாமே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. துருவா என்று ஒரு உலை, 100 மெகாவாட் வெப்பம் தரக்கூடியது, டிராம்பேயில் கட்டப்பட்டு, அய்யங்கார் டைரக்டராக இருந்தபோது 1985 ஆகஸ்ட் 8ந் தேதி முதன்முதல் இயங்கியது. அதற்குக் கனநீர் வேண்டும். உங்கள் பக்கத்துத் தூத்துக்குடியிலே 1978இல் ஆரம்பித்தது அந்தக் கனநீர் செய்ய அமைத்த தொழிற்சாலைகளில் ஒன்றுதான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். துருவா ஓடத் தொடங்கியவுடனே கோளாறு வந்தது. எரிபொருள் கோல்கள், குளிர்விக்கும் நீர் ஓடுகிற வேகத்தில் நடுங்க ஆரம்பித்தன. உலையைத் தணித்து வைக்கவேண்டி வந்தது. நம் ஊரில் ஒரு மோட்டார் பஸ் நின்றுபோனால் என்ன செய்கிறோம்? பூசணிக்காய் உடைக்கிறோம், எலுமிச்சம்பழம் கட்டுகிறோம், பஸ்காரன் பரிகாரம் கேட்க ஜோசியனிடம் போகிறான். அங்கே என்ன செய்தார்கள்? நடுக்கம் எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்று அளந்தார்கள். கோலின் அமைப்பை மாற்றினார்கள். 1988இல் உலை முழுச் சக்திக்கு வந்தது. அய்யங்கார் வீட்டில் பூஜை செய்தாரா இல்லையா என்பது நமக்கு வேண்டாத சங்கதி. உலையின் கணக்கில் பூஜைக்கு ஒரு கட்டம் கிடையாது என்பதுதான் நமக்கு வேண்டியது. ராக்கெட் விடுவதற்கு முன் அதன் சிறு உருவத்தைத் திருப்பதிக்கு எடுத்துப்போகிற பெரிய மனிதர்கள் இதை யோசிக்கட்டும். ராக்கெட் கடலில் விழுகிற நாளில் திருப்பதி எங்கே தவறிற்று என்று விசாரணைக் கமிட்டி போடுகிறார்களா? வால்வு எங்கே தவறிற்று என்றுதானே பார்க்கிறார்கள்?

இதுவரை புகழ்ந்தேன். இனி அந்தப் பெரியவரையே பரீட்சை செய்யவேண்டும். இல்லாவிட்டால் சாமியை எடுத்துவிட்டு அந்தப் பீடத்தில் விஞ்ஞானியை உட்கார வைத்ததாக முடியும்.

1989 மார்ச் 23ந் தேதி அமெரிக்காவில் யூட்டா என்ற மாகாணத்தில், பான்ஸ், பிளைஷ்மன் என்ற இருவர், கனநீரில் பல்லேடியத் தகட்டை வைத்து மின்சாரம் பாய்ச்சினால், சூரியனில் நடக்கிற அணுச் சேர்க்கை மேஜை மேலேயே நடக்கிறது என்று அறிவித்தார்கள். அய்யங்கார் அதில் மிகுந்த ஆவல் கொண்டார். பாபா நிலையத்தில் பல குழுக்கள் சோதனை செய்தன. நியூட்ரானும் டிரிட்டியமும் கண்டதாக அறிக்கை எழுதினார்கள். ஆனால் உலகத்தில் பல சோதனைச் சாலைகளில் அது திரும்பச் செய்தபோது வரவில்லை. அந்த வருஷ முடிவிலேயே அமெரிக்க சர்க்கார் போட்ட கமிட்டி, போதிய ருசு இல்லை என்று சொல்லிவிட்டது. அய்யங்கார் அதில் ஏதோ உண்மை இருக்கிறதென்றே பிற்காலத்திலும் கருதிவந்தார். விஞ்ஞான உலகம் என்ன செய்தது? "இவ்வளவு பெரியவர் சொல்லுகிறாரே, வாய்மூடிக் கும்பிடு" என்று சொல்லவில்லை. "இவ்விதம் சொன்னாரே, ஜாதிப் பிரஷ்டம் செய்" என்றும் சொல்லவில்லை. "செய்து காட்டு; நானும் செய்து பார்க்கிறேன்" என்றது. இதுதான் பகுத்தறிவு. ரிஷி சொன்னதற்கும் விஞ்ஞானி சொன்னதற்கும் வித்தியாசம் இதுதான். ரிஷி சொன்னதைச் சோதிப்பது பாவம். விஞ்ஞானி சொன்னதைச் சோதிப்பது கடமை.

அவரும் மற்றவரை அப்படியே சோதித்தார். 1998 மே மாதம் மறுபடி பொக்ரானில் வெடித்தபோது, ஹைட்ரஜன் குண்டு பூரண வெற்றி என்று சர்க்கார் சொல்லிற்று. தமது பழைய இலாகா என்றும் பாராமல், அதில் அணுச் சேர்க்கை முழுதும் நடக்கவில்லை, ஒரு பகுதிதான் எரிந்திருக்கிறது என்று இவர் பகிரங்கமாகச் சொன்னார். இலாகா மறுத்தது. 2009இல், அந்தச் சோதனையில் பங்குகொண்ட சந்தானம் என்ற விஞ்ஞானியும் வெற்றி முழுமையல்ல என்றார். 2008இல் அமெரிக்காவோடு செய்த அணு ஒப்பந்தத்தையும் அய்யங்கார் எதிர்த்தார். அவர் கட்சி சரியா, சர்க்கார் கட்சி சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அணுசக்திக் கமிஷன் தலைவராக இருந்தவரே, "சர்க்கார் சொல்லுவதாலேயே உண்மையாகிவிடாது" என்று நடந்துகாட்டினார் என்பதுதான் சங்கதி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகிறேன்? நம் பக்கத்திலேயே கூடங்குளம் இருக்கிறது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் வந்தது. 1000 மெகாவாட் உலைகள். முதலாவது 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயங்கத் தொடங்கின. 1986இல் செர்னோபிலும், 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமாவும் வெடித்ததைப் பார்த்த இடிந்தகரை மீனவர்கள், "எங்கள் கதி என்ன?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள், அலையோடு மல்லாடிச் சீவிக்கிற குடும்பத்தார். அவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? "உங்களுக்கு என்ன தெரியும்? நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்" என்பது ஒன்று, ராஜத்துரோக வழக்கு என்பது இன்னொன்று. 2012 செப்டம்பர் 10ந் தேதி, இதோ உங்களுக்கு அடுத்த மணப்பாட்டிலே, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார்.

"உங்களுக்கு என்ன தெரியும்" என்ற வார்த்தை எங்கேயோ கேட்ட வார்த்தையாக இல்லையா? கர்ப்பக்கிரகத்துக்கு வெளியே நின்று, "உள்ளே என்ன நடக்கிறது?" என்று கேட்டவனுக்குப் புரோகிதன் சொன்ன பதில் அதுதானே! வேதம் உனக்கு எட்டாது, உலை உனக்கு எட்டாது என்றால், இரண்டும் ஒரே புரோகிதம்தான். மந்திரம் மாறியிருக்கிறது, மணி மாறவில்லை. கேள்வியில் நியாயம் இல்லாமலா, 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு உலையை அனுமதித்தபோதும் 15 நிபந்தனைகளைப் போட்டது? அணு உலைகளைக் கண்காணிக்க வைத்த போர்டுக்குப் போதிய சுதந்திரம் இல்லையென்று 2012இல் கணக்குத் தணிக்கை அதிகாரியே எழுதவில்லையா?

அதற்காக, அணு என்றாலே பேய் பிசாசு என்று பயந்து ஓடச் சொல்லுகிறேன் என்று எண்ணவேண்டாம். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்வதும் அணுக்கதிர்தான். பயப்படுகிறவனும் கும்பிடுகிறான், ஆசைப்படுகிறவனும் கும்பிடுகிறான். இரண்டு பேரும் கணக்குக் கேட்பதில்லை. நான் சொல்வது, கணக்குக் கேளுங்கள் என்பது. கழிவை எங்கே வைக்கிறாய்? கடலில் விடுகிற நீரின் சூடு என்ன? ஆபத்து வந்தால் எந்த ரஸ்தாவில் எங்களை ஏற்றிப்போவாய்? இதற்குத் தமிழிலே, எழுத்திலே, பதில் சொல்லு என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்பதற்கும், வந்த பதில் மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கும் படிப்பு வேண்டும். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் கட்ட 2024இல் அஸ்திவாரம் போட்டார்கள். இலங்கை மேல் பறக்காமல் நேரே தெற்கே விடலாம் என்ற பூகோளக் கணக்குக்காக அந்த இடத்தை எடுத்தார்கள். முத்தாரம்மன் உத்தரவு கேட்டல்ல. அந்தத் தளத்திலே நம் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடப் போகிறார்களா, வெளியே நின்று வேடிக்கை பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போகிறார்களா என்பது உங்கள் கையில் இருக்கிறது. தசராவுக்கு வேஷம் கட்டச் செலவழிக்கிற பணத்தில் பாதியைப் பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலைக்குக் கொடுங்கள். பெண் குழந்தையைப் பாதியில் நிறுத்தாதீர்கள், மைட்னரை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தை, "நாழிக்கிணற்றில் ஏன் நல்ல நீர்?" என்று கேட்டால் அதட்டாதீர்கள், தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "வா, இருவரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் பிறந்த ஒருவர் ஆயுள் பூராவும் அணுவைத் தட்டிக் கேள்வி கேட்டார். வேண்டிய இடத்தில் தம் இலாகாவையும் கேள்வி கேட்டார். அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை படத்துக்கு மாலை போடுவதல்ல. அவர் சொன்னதையும், நான் சொன்னதையும், எவர் சொன்னதையும் தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வதுதான்.